முதுகு காட்டிய சீமாட்டி

அந்த இங்கிலாந்துக்காரிக்கு வேறு வேலையே கிடையாது. வாரா வாரம் அதே மழை, அதே பேருந்து நிறுத்தம், அதே பச்சைத் தொப்பி. வண்டி வந்து நிற்கும், ஏறமாட்டாள். "அடுத்த வண்டியில போறேன்" என்பாள். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். துண்டு துண்டு நகைச்சுவைக் காட்சிகளைக் கோத்த அந்தப் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் மிஸஸ் விம்பிளின் பிழைப்பே அதுதான். தமிழில் அவளுக்குக் குரல் கொடுத்தவள் பொன்மணி.

பொன்மணி அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். குடிசைகளை எடுத்தபோது அவளுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். பக்கத்துக் குடிசை சுப்பம்மாவை எங்கே அனுப்பினார்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவளுடைய போன் நம்பரும் மாறிப்போயிருந்தது. முப்பது வருஷம் குழாயடியில் சண்டை போட்டு, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். செத்தாளா இருக்காளா என்றுகூடத் தெரியாமல் பொன்மணி உள்ளுக்குள் வெந்தாள்.

டப்பிங்குக்குக் கோடம்பாக்கம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஜன்னலோரத்தில் கண் செருகும். இங்கிலாந்து மழை அடையாற்றின் மேல் பெய்யும். பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு சுப்பம்மா கரையில் நிற்பாள். இவள் எழுந்து இறங்குவதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

டப்பிங்கில் உதடுதான் எஜமான். அது அசைகிற அளவுக்குத்தான் பேச முடியும். ஆள் முதுகைத் திருப்பிக்கொண்டால் மட்டும் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். சுப்பம்மா எங்கே இருந்தாலும் டிவி பார்க்காமல் இருக்கமாட்டாள். அந்த முதுகுக்காகப் பொன்மணி பதினோரு வாரம் காத்திருந்தாள். பாழாய்ப்போன சீமாட்டி திரும்பினால்தானே!

கடைசி வாரம் திரும்பினாள். ஒருவழியாக வண்டியில் ஏறினாள், முதுகைக் காட்டிக்கொண்டு. வசனத் தாளில் இருந்தது "சரி, போறேன்" மட்டும்தான்.

"சுப்பு, ஆத்தங்கர பொன்மணி பேசறேன். பெரும்பாக்கம், எட்டாவது பிளாக்கு, அஞ்சாவது மாடி. எங்க கீற நீ?"

ஒலிப்பதிவு செய்த அசோகன் நிறுத்திவிட்டான். "இன்னாக்கா இது? பேப்பர்ல இல்லியே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேனலின் மேலாளர் ஷண்முகப்ரியா உட்கார்ந்திருந்தாள்.

"என் கூட்டாளி மேடம். அஞ்சு வருசமா தேடிக்கினு கீறேன். என்னிய வேலைய விட்டுத் தூக்குனாலும் பரவால்ல, இத மட்டும் எடுத்துறாதீங்க."

ஷண்முகப்ரியா மைக் பொத்தானை அழுத்தினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. பிளாக் நம்பர் தெளிவா விழல."

தொடர் ஒளிபரப்பாகி முடிந்தது. ஒரு வாரம் யாரும் வரவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. பைத்தியக்காரி, நகைச்சுவைத் தொடரைப் போய் நம்பினாயே என்று பொன்மணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு, காலையில் சோறு வடிக்கும்போது கதவு தட்டப்பட்டது. "யாரு?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள். அஞ்சு மாடி ஏறிய மூச்சிரைப்பு முதலில் கேட்டது.

"இன்னாடி, அடுத்த வண்டில வந்தா கதவத் தொறக்க மாட்டியா?"

பொன்மணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கஞ்சி வழியும் கைக்குத் தாழ்ப்பாள் அகப்படவே இல்லை.