வெள்ளி நாக்கு

என் மகளுக்கு டான்சில் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அவள் குறட்டைக்குப் பயந்து அவள் அப்பாவே ஹாலுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஆனால் என் பயம் குறட்டையில் இல்லை, நடுநடுவே மூச்சு நின்று நின்று வருவதில்தான்.

"பிள்ளைக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்க. திமிறாம வந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார் மருத்துவர்.

அவள் என்னை நம்பித் தானாக நடந்து உள்ளே போக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

நான் பி.எட். முடித்தவள். சும்மா இருப்பேனா? கண்ணாடி, டார்ச், ரோஸ் நிறக் களிமண்ணில் செய்த ஒரு வாய் என்று பாடத்துக்குத் தயாரானேன். வலியைப் பற்றிய வாக்கியம் மட்டும் அமையவில்லை. 'வலிக்கும்' என்றால் மிரளுவாள். 'கொஞ்சம் வலிக்கும்' என்றால், கொஞ்சம் என்பது எவ்வளவு? நான் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் வகுப்பையே முடித்துவிட்டார்கள்.

என் கணவர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருக்கிறார். "கன்டெய்னர ஏத்தி எறக்குத மாதிரிதான் ஏளா. உள்ள இருக்க உனக்குத் தெரியவே தெரியாது" என்றார் மகளிடம். மாடி வீட்டு அக்கா, ஆஸ்பத்திரி என்பதே ஐஸ்கிரீம் கொடுப்பதற்காகக் கட்டிய கட்டடம் என்பதுபோலப் பேசினாள்.

மிச்சமிருந்தது மதினி, கணவரின் அக்கா. எங்கள் குடும்பத்தின் பரலோக விவகாரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கடற்கரைக் கோயிலுக்கு நேர்ச்சை வைத்துவிட்டதாக அறிவித்தார். உடம்பில் எந்த இடத்தில் நோயோ, அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிப் புனிதரின் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். ஞாயிறு பூசைக்குப் பிறகு மகளையும் என்னையும் கோயில் வாசல் கடைக்குக் கூட்டிப் போனார்.

"அண்ணாச்சி, தொண்ட ஒண்ணு குடுங்க."

"தொண்டைக்கு அச்சு கிடையாதும்மா. கண்ணு, காது, கையி, காலு இருக்கு. நாக்கு இருக்கு."

"பிள்ளைக்கு டான்சிலுல்லா எடுக்கப் போறாவ."

"டான்சில எந்த ஊர்லயும் அடிக்க மாட்டாவ. நாக்க வாங்கிட்டுப் போங்க. பக்கத்து வீடுதான."

"புனிதருக்கு வெளங்குமா?"

"பேரச் சொல்லித்தான வைக்கப் போறிய. அவருக்குத் தெரியாத தொண்டயா?"

படித்தவள் நான் பக்கத்திலேயே நின்றேன். நின்று என்ன கேட்டேன்? நாக்கு சுத்த வெள்ளிதானா என்று கேட்டேன்.

புனிதரின் முன்னால் இருந்த தட்டில் கண்களும் கைகளும் கால்களும் குவிந்து கிடந்தன. மதினி அவற்றின் மேல் எங்கள் நாக்கை வைத்தார். என் மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்தி என்று நினைத்து மதினி பூரித்துப்போனார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். டார்ச்சை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போனாள். சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்தே, விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள்:

"அந்தக் காலெல்லாம் யாருக்கும்மா வெட்டுனது?"

எனக்குப் புரிவதற்குள் அடுத்தது வந்தது.

"என் நாக்க எடுத்துட்டு அந்த வெள்ளி நாக்கத்தான் வைப்பாவளா?"

மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏளா கோட்டி, அது புனிதருக்குக் குடுத்ததுல்லா. ஒண்ணும் வலிக்காது, பேசாம இரு" என்றார்.

ஒன்றும் வலிக்காது என்றதும் மகள் இன்னும் உள்ளே நகர்ந்தாள். என் பாடத்திட்டம், களிமண் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நானும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

"உன் நாக்கு உன்கிட்டதான் இருக்கும். தொண்டைக்குள்ள வீங்கிக் கிடக்குற ரெண்டு உருண்டைய மட்டும் எடுப்பாங்க. அப்போ நீ மருந்துல தூங்கிட்டு இருப்ப, தெரியாது. முழிச்சதும் வலிக்கும். முழுங்கும்போதெல்லாம் வலிக்கும்."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான். அப்புறம் கொறையும்."

"பிள்ளைகிட்ட இப்படியா சொல்லுவாவ? படிச்சு என்ன பிரயோசனம்" என்றது மதினியின் குரல். எனக்குள்ளும் அதே குரல்தான் கேட்டது. ஆனால் மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணில் பட்ட எல்லோரிடமும் நாக்கை நீட்டினாள். "இது இல்ல. உள்ள இருக்கதுதான்" என்று மருத்துவருக்கே விளக்கினாள். அவர் தலையாட்டினார். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். கதவு மூடியதும் அழுதது நான்.

விழித்ததும் அவள் விரலால் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அழுதாள். அழுகைகூட வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். மருந்துக் கரண்டியோடு குனிந்த என்னிடம் உடைந்த குரலில் கேட்டாள்:

"நாளைக்கும் வலிக்குமா?"

கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். மதினி பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"வலிக்கும்" என்றேன்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.