நோட்டுக்கு வராத பத்து ஆடுகள்

பசுவந்தனைக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் சுடலையம்மாளுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. இருந்ததெல்லாம் வெள்ளாடுகள்தான். புருஷன் போன பிறகு நான்கு ஆட்டோடு தொடங்கி, மகளை நர்சிங் படிக்க வைத்து, கட்டியும் கொடுத்தாள். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் அவள் ஆட்டையும் சேர்த்து ஊரே மேய்ந்திருக்கும்.

ஊருக்கு வடக்கே எழுபது ஏக்கர் மேய்ச்சல் காடு, எல்லோருக்கும் பொது. புல் முளைத்த அன்றைக்கே ஆடு மாட்டை விட்டால் விதை விழாது, மறுவருஷம் கரிசலில் வெடிப்புதான் மிஞ்சும். பட்டுத் தெரிந்த பிறகு ஊர்க்காரர்கள் சங்கம் வைத்தார்கள். புரட்டாசியில் காட்டை அடைப்பது, தையில் திறப்பது, திறந்தாலும் மூன்று பங்காக்கி ஒவ்வொன்றாக மேய்ப்பது என்று ஏற்பாடு. அடைத்த பங்கைக் காக்கச் சம்பள ஆள் இல்லை. ஒரு வேப்பங்கம்பு வீடு வீடாகச் சுற்றும். காலையில் யார் வாசலில் கம்பு சாத்தியிருக்கிறதோ அன்றைய காவல் அந்த வீட்டுக்கு. ஆடோ மாடோ, ஐந்து உருப்படிக்குச் சுற்றுக்கு ஒரு நாள்; பால்குடிக் குட்டி கணக்கில் சேராது.

இங்கேதான் எல்லோருக்கும் புத்தி வேலை செய்தது. உருப்படி குறைந்தால் காவலும் குறையுமல்லவா? சங்கத் தலைவர் மந்திரமூர்த்தி நோட்டும் கையுமாக வந்து கேட்டபோது, இருபத்திரண்டு ஆட்டை வைத்துக்கொண்டு சுடலையம்மாள் பன்னிரண்டு என்று கூசாமல் சொன்னாள். மீதிப் பத்தும் கொட்டிலுக்குள் கத்திக்கொண்டுதான் இருந்தன. அவரும் காது கேட்காதவர் மாதிரி எழுதிக்கொண்டு போனார். தலைவர் வீட்டுக் கணக்கே அந்த லட்சணம்தான் என்பது ஊரறிந்த ரகசியம்.

இந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. புல் கணுக்காலைத் தாண்டவில்லை. மார்கழிக் கடைசியில் கூட்டம் போட்டு, நோட்டில் உள்ள உருப்படி மட்டுமே காட்டுக்குள் போகலாம், தலையை எண்ணித்தான் விடுவோம் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மறுத்துப் பேச வேண்டுமென்றால் சொன்ன பொய்யை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தை பிறந்ததும், பால்குடிக் குட்டிகளின் தாய் ஆடுகளாகப் பார்த்துப் பன்னிரண்டை அவள் உள்ளே அனுப்பினாள். வெளியே நின்றவை பத்தும் இளம் பெட்டைகள். அடுத்த வருஷத்து மந்தையே அவைதான். பத்து நாளில் அவற்றின் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்றாகிவிட்டது. எட்டயபுரம் சந்தைக்கு ஆடு பிடிக்கும் அப்துல் நாசர் வந்து பார்த்தார். அவளுக்கு வெகுநாள் பழக்கம், மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன். இப்போது விற்றால் பாதி விலைதான் என்று அவரே சொன்னார்.

“இன்னும் ஒரு வாரம் போனா அதுவும் தேறாதுக்கா. சனிக்கிழமை வண்டியோட வாரேன்.”

அவர் போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது. ஆட்டை நினைத்தா, தன் புத்தியை நினைத்தா என்றால், இரண்டையும் நினைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“எங்கிட்ட இருக்கது இருவத்திரெண்டு. பன்னெண்டுன்னு சொன்னது பொய்தான். நிக்காத காவல மொத்தமா நின்னு தாரேன். அந்தப் பத்தையும் உள்ள விடுங்க.”

விட்டால் எல்லோரும் கேட்பார்கள், புல் தாங்காது என்றார் மந்திரமூர்த்தி. எல்லோரும் வெயிலில் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும் என்றாள் அவள். சங்கம் வைத்த இந்த இரண்டு வருஷத்தில் கம்பு பத்துச் சுற்று வந்திருந்தது. சுற்றுக்கு இரண்டு நாள் வீதம் இருபது நாள், அதுவரை கம்பு அவள் வாசலிலேயே இருக்கும், ஒரு நாளைக்கு ஒருவர் நின்றதுதான் கணக்கு என்று தீர்த்தார்கள். இருபதும் நின்று முடித்த பிறகே பத்தும் உள்ளே போகலாம், அதுவும் கடைசிப் பங்கில் மட்டும்.

நாசரை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாள். விடிந்ததும் அறுத்த உளுந்துக் காடுகளில் சருகு கூட்டி அள்ளி வந்து பெட்டைகளுக்குப் போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை மேய்ச்சல் காட்டில் காவல் நின்றாள். பன்னிரண்டாம் நாள் அவள் போனபோது அங்கே மந்திரமூர்த்தி தலையில் துண்டோடு நின்றார். நோட்டுக்கு வராதது தன்னிடம் முப்பத்தைந்து இருக்கிறது, எழுபது நாள் வருகிறது, இன்றைக்கே தொடங்குகிறேன் என்றார். தலைவரை எதிர்த்துப் பேச அவளுக்குத் தயக்கமே இல்லை.

“எனக்கு இன்னும் ஒம்பது நாளு கெடக்கு அண்ணாச்சி. ஒரு நாளு தள்ளுனாலும் எம்பெட்டை தாங்காது. முடிச்சிட்டுக் கம்பத் தாரேன், அப்பம் நில்லுங்க.”

அவர் திரும்பிப் போனார்.

பதினேழாம் நாள் காலை ஒரு பெட்டை எழுந்திருக்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் காவலுக்குப் போனாள்.

இருபது நாளும் முடிந்த மறுநாள், மந்திரமூர்த்தி கம்பை வாங்கிக்கொண்டு தலை எண்ணி உள்ளே விட்டார். ஒன்பது போயின. அவர் நோட்டைத் திறந்து, பன்னிரண்டை அடித்து, இருபத்திரண்டு என்று எழுதப் போனார். புதைத்தது அவருக்குத் தெரியும். நின்ற காவலுக்கு ஒன்று கூடுதலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார். சுடலையம்மாள் அவர் கையைத் தடுத்தாள்.

“இருவத்தொண்ணுன்னு எழுதுங்க,” என்றாள்.