மருத்துவச்சியின் குணம்
மாத்தளைக்குப் பக்கத்தில் எல்கடுவவில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தேன். அங்கிருந்த மருத்துவச்சி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு முன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானது. மருத்துவச்சி துரையின் பங்களாவுக்கே ஓடினார்.

"தொரை, காரை எடுங்க! ரெண்டு உசுரு!" என்று அதட்டினார்.

துரை உடனே அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் காரோட்டினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் ஆபீசில் மருத்துவச்சி துரைக்கு எதிரே பழையபடி குனிந்து நின்றார். மனிதருக்கு எங்கும் ஒரே குணம்தான் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான்.

"இதுல எதும்மா உங்க உண்மையான கொணம்?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தாங்க ஐயா. எடமறிஞ்சு நடக்குறவங்களத்தான் எங்க லயத்துல கொணமுள்ளவங்கன்னு சொல்லுவாங்க," என்று சிரித்தார்.

அதன்பிறகு அவர் ஆபீசுக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து நாற்காலி போட்டேன்.