வெர்னெலின் ஒரு மணிச் சத்தம்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் வெர்னெல் டிப்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் பட்டாணியை ஒதுக்கினால், "அது என்ன, உன் மாமியாரா? தின்னுடா!" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டிலும் அவள் குரல்தான் ஓங்கி நிற்கும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது.

முதலில் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி சில மாதத்திலேயே அதற்குப் பழகிக்கொண்டது. தொண்ணூற்றேழில் டாக்டர் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்.

"மூணும் சேந்து அமுக்குனாத்தான் அது அடங்கும். நேரம் தவறுனா நழுவிரும்," என்றார்.

காலை ஐந்து, மதியம் ஒன்று, இரவு ஒன்பது. நேரம் வந்தால் கீச்சென்று கத்துகிற மாத்திரைப் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குள் சர்ச் போதகர் பிரசங்கத்தை முடித்தால்தானே! அவர் உருகிக் குரலைத் தாழ்த்தும் இடமாகப் பார்த்துப் பெட்டி கத்தும். சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று சொல்லிச் சமாளித்தாள். பிரசங்கம் முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில் சர்ச் பியானோக்காரன் ஓதா அவளைப் பிடித்துக்கொண்டான்.

"சர்க்கரைக்காரங்க மூணு துண்டு கேக் சாப்புடுறத இங்கதான்க்கா பாக்குறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். குட்டு உடைந்துவிடுமோ என்று பயந்த வெர்னெல் மூன்றாவது துண்டைத் திருப்பி வைத்தாள். அன்றோடு பெட்டியின் சத்தத்தை அணைத்தாள். அடுத்த ஞாயிறு மாத்திரை இரண்டரைக்குத்தான் உள்ளே போனது. அதற்கடுத்த ஞாயிறு பாட்டு மும்முரத்தில் மறந்தே போனாள்.

மூன்றாவது ஞாயிறு, கழிவறையில் ஒடெஸ்ஸா மேப்ரி அவளை மடக்கினாள். சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று வருகிறவர்களை வரவேற்கிற, சூயிங்கம் மெல்லுகிறவர்களை முறைத்தே துப்ப வைக்கிற அம்மா அவள்.

"எங்கடி அந்தச் சத்தம்?"

"எல்லாருக்கும் தொந்தரவா இருக்குன்னு அணைச்சிட்டேம்மா."

"எனக்குத் தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

ஒடெஸ்ஸா கதவைத் தாழிட்டாள். கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் வெர்னெல் சாப்பிடும் அதே மூன்று மாத்திரைகள்.

"வீட்டுல மகனும் மருமகளும் இருக்காங்க. பெட்டி வச்சுக்க முடியுமா? வாரநாள்ல பக்கத்துக் கோழிக்கறி ஆலையில ஒரு மணிக்குச் சங்கு ஊதும், சமாளிச்சுருவேன். ஞாயித்துக்கிழமைக்கு உன்னோடதுதான்டி. ரெண்டு வாரமாத் தவறிப்போச்சு."

வெர்னெலுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் இந்த அம்மாவுக்குத்தான் அவள் அதிகம் பயந்திருந்தாள். பெட்டியை எடுத்துச் சத்தத்தைத் திரும்ப வைத்தாள்.

"இன்னும் கூட்டுடி," என்றாள் ஒடெஸ்ஸா. "நான் நிக்கிறது வாசல்ல."