சுபநேரத்தில் நின்ற இயந்திரம்

காலை ஒன்பது பதினேழுக்கு அரவை இயந்திரம் நின்றது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை தொடங்கும் சுபநேரம் அது. பால் பொங்கவைத்து, விளக்கேற்றி, பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பல்லேபொல என்ற ஊர்ப் பக்கம் மிளகும் கறுவாவும் அரைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை. அங்கே கணினிகளின் பாதுகாப்பு முழுவதும் என் பொறுப்பு. இயந்திரங்களை இயக்கும் கணினியை வேறு எதனோடும் இணைக்காமல் தனியாக வைத்திருந்தேன். வெளியிலிருந்து எதுவும் அதற்குள் வரக்கூடாது. நான் போட்ட அமைப்பின் உயிரே அதுதான். பென் டிரைவ் செருகும் துளைகளின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, சிங்களத்தில் 'தொடாதீர்கள்' என்றும் எழுதியிருந்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். டேப் உரிக்கப்பட்டு, மேசை விளிம்பில் கசங்காமல் ஒட்டப்பட்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. பொத்தானை அழுத்துமுன் பிரித், அதாவது நல்ல காரியங்களுக்கு முன் பௌத்தர்கள் ஓதும் மந்திரம், ஒலித்ததே, அது இந்தக் கணினியிலிருந்துதான் வந்திருக்கிறது. நான் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்துவைத்துவிட்டு விளக்கேற்றப் போன சமயம், யாரோ பென் டிரைவில் பிரித் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். கூடவே வைரசும் வந்துவிட்டது.

காரணம் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் முடியவில்லை. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த வருடம். வருடத்தின் முதல் வேலையைப் பிரித் கெடுத்தது என்று ஒரு தமிழன் எந்த வாயால் சொல்வது?

பாதுகாப்பு அதிகாரி, ஓய்வுபெற்ற இராணுவக்காரர், என்னைத் தன் அறையில் உட்காரவைத்தார். "அந்தக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் ஒங்ககிட்ட மட்டும்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்றேன். "அப்போ வேற யாரு செஞ்சிருப்பா? பொலிசுக்குச் சொல்லியாச்சு. வரும்வரைக்கும் இங்கேயே இருங்க." என் கைபேசியை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் விசாரணைக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு எண். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். கையை நீட்டினேன். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

கொதிகலனில் வேலை செய்யும், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தமிழ் நண்பர் தேநீர் கொண்டுவந்தார். அதிகாரி வெளியே போன சமயம் குனிந்தார்.

"என்னங்க சார், கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்கிறவரயே வார்ட்டுல போட்டுட்டாங்க?"

"வெளையாடாதீங்கண்ணே. பிரித் போட்டது யாரு?"

"பேக்கிங் மேற்பார்வ அம்மாதான். நான் பாத்தேனே. வெளக்கேத்தி முடிஞ்சதும் நாவுலையில வீட்டுக்கு பஸ் ஏறிட்டாங்க."

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நான் பழி போடுறேன்னு ஆயிரும்."

"சரி சரி, தேத்தண்ணியக் குடிங்க."

தேநீர் ஆறிப்போனது. கேட்டருகே வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இன்றும் வாசலில் ஒரு வாகனம் நின்றால், மகள் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

மாலையில் வந்து நின்றது பொலிஸ் ஜீப் அல்ல, முச்சக்கரவண்டி. இறங்கியவர் அந்த மேற்பார்வை அம்மா. புத்தாண்டுச் சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. நண்பர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்று புரிந்தது. ஒரு பென் டிரைவை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சிங்களத்தில் சொன்னார்:

"பிரித்துல ஒரு குத்தமும் இல்ல. இது எங்க மகன் கண்ட கண்ட எடத்துல செருகின சாமான். டேப்ப உரிச்சது நான். மொதல்ல அந்த போன அவர்கிட்ட குடுங்க, அடிச்சுக்கிட்டே இருக்குதே."