சாவி திரும்பாத ஞாயிற்றுக்கிழமை

எனக்கு லைசென்ஸ் கைக்கு வந்த மாதமே எங்கள் காரில் சாவி திரும்பாமல் போனது. ஆட்டி, கெஞ்சி, திட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மனசு வந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை விற்றுவிடலாம் என்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு புரோக்கரை வரச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, ஃபேக்டரிக்குப் போக பைக் இருக்கிறது. கார் போனால் மறுபடி மழையில் பஸ்ஸுக்கு நிற்கப் போவது நான்தானே! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை அந்தாளு வர்றதுக்குள்ள சாவி போடற பூட்டை மாத்திட்டா வண்டியை விக்காம இருப்பீங்களா?"

"மாத்தறது யாரு?"

"நாந்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "பாக்கலாம்" என்றார். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

கோத்தகிரி ஸ்பேர்ஸ் கடையில் புதுப் பூட்டு வாங்கி வந்தேன். மாற்றும் விதத்தை போனில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைப் பிரித்தேன். பழைய பூட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளுக்குத் தலையே இல்லை. திருடன் கழற்றக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களாம். அன்றைக்குத் திருடி நான்தான். உளியை ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்பினேன். வெளியே ஒரு கையில் குடையும் ஒரு கையில் போன் வெளிச்சமுமாக நின்றுகொண்டு, "பாத்து, பாத்து" என்று ஓயாமல் உயிரை வாங்கினார் வீட்டுக்காரர்.

புதுப் பூட்டை மாட்டி, வயரைச் சேர்த்துச் சாவியைப் போட்டதும் வழுக்கிக்கொண்டு திரும்பியது. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கை கழுவி, அடுப்பில் டீயும் வைத்துவிட்டு வந்தேன். மறுபடி போட்டால் சாவி அசையவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார். நிஜமாகவே அழுகை வந்தது. ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். நேராக இருந்த ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கீழே எட்டிப் பார்த்தால், முன் டயர் மண்மேட்டை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, ஸ்டியரிங்கை ஒடிச்சீங்களா?"

"பின்னே? சரிவுல நிக்கற வண்டியை ஒடிக்காம விடுவாங்களா?"

எங்கள் ஊரில் வண்டியை நிறுத்தினால் டயரை மேட்டுப் பக்கம் ஒடித்துவிடுவது எல்லோருக்கும் பழக்கம். பிரேக் விட்டாலும் வண்டி மேட்டில் முட்டிக்கொள்ளும், தேயிலைத் தோட்டத்துக்குள் உருளாது. ஆனால் சாவி இல்லாமல் ஒடித்ததில் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டுவிட்டது. டயர் வேறு மேட்டை நெருக்கியதால் பூட்டு இறுகிப்போனது. ஒரு கையால் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்து, மறு கையால் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது. பழைய பூட்டும் இப்படி ஒடித்து ஒடித்து, நெம்பி நெம்பித்தான் தேய்ந்திருக்கும் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் டீ பொங்குகிறதா பார்க்கப் போய்விட்டார்.

புரோக்கர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். வந்தவுடன் அவர் கவலையெல்லாம் திரும்பிப் போவதில்தான். கீழே போகிற பஸ்ஸைக் கோத்தகிரியில் பிடிக்க வேண்டுமாம். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏறுங்க, நானே கொண்டுவந்து விடறேன். வண்டியைப் போற வழியிலயே பாத்துக்கங்க."

அவர் முன்னால் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பின் சீட்டில் ஏறினார். அதுவரை நான் ஓட்டி அவர் உட்கார்ந்ததே கிடையாது. பனிமூட்டத்தில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி மெதுவாக ஓட்டினேன். வளைவு இல்லாத இடத்தில் கண்ணாடியில் வீட்டுக்காரர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

புரோக்கர் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். "வண்டி தங்கமா இருக்குதுங்களே. இதைப் போயி எதுக்குங்க விக்கறீங்க?"

பின்னாலிருந்து வீட்டுக்காரர் செருமினார்.

"யாருங்க விக்கறாங்க? இது எங்கூட்டுக்காரி வண்டிங்க."