அம்மாமார் கூட்டத்தில் புனிதன்

செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் மோட்டாரை விடும்போதெல்லாம், தான் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே புனிதனுக்குத் தெரியாது. மரங்களுக்கிடையில் பனி மிதக்கும். செத்துப்போன மனைவி மோகனா பின்சீட்டில் உட்கார்ந்து வருவதுபோல் இருக்கும். வீட்டு விஷயமெல்லாம் அவளிடம்தான் பேசுவான்.

அன்று பேசியது மகள் லோஷினியைப் பற்றி. ஆறாம் ஆண்டு படிக்கிறாள். நலக்கல்விப் பாடத்தில் வயதுக்கு வருவதைப் பற்றிச் சொல்லித்தரப் போகிறார்களாம். அதற்கு முன் அம்மாமார் வந்து கேட்டுப் போகலாம் என்று தமிழ்ப்பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது.

“நீ இல்லயே, யாரு போறது?” என்றான். மோகனா பதில் சொல்லவில்லை. இருந்த காலத்திலும், அவனுக்கே தெரிந்த விஷயத்துக்கு அவள் வாயைத் திறந்ததில்லை.

அவன் பயமெல்லாம் ஒன்றுதான். அந்த நாள் வரும்போது மகள் தன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வலியை ஒளித்துக்கொண்டு தனியாக அழுவாள்.

கூட்டத்தன்று மற்ற அப்பாமார் மனைவிகளை இறக்கிவிட்டு மரத்தடியில் கதையடிக்க, புனிதன் வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தான். பெண்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். குமுதவல்லி டீச்சர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவனையும் பார்த்தே பேசினார். இது நோயுமில்லை, தீட்டுமில்லை. வயிறு வலித்தால் வெந்நீர் ஒத்தடம் போதும். தூக்கக் கலக்கத்தில் அந்தக் குரல் மோகனாவின் குரலாகவே கேட்டது. அவனுக்கு வெட்கமே வரவில்லை.

திரும்பும் வழியில் பேட் பாக்கெட் வாங்கி, மகளின் உடுப்புகளுக்கு மேலேயே வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். கூட்டத்துக்கே வீராப்பாகப் போன ஆள், மகள் முன்னால் நிற்க முடியாமல் மோட்டாரைத் துடைக்கப் போனான்.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், கடைக்குப் போய்த் திரும்பியவனைப் பக்கத்து வீட்டு ராக்கம்மா வாசலிலேயே மறித்தாள். கொடியில் அவசரமாக அலசிப் போட்டிருந்த பள்ளி உடுப்பைப் பார்த்து ஊகித்துவிட்டாளாம். பிள்ளையிடம் கேட்டால், அப்பா வரட்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லையாம்.

“தண்ணி ஊத்துற வரைக்கும் அப்பன்காரன் மொகத்தப் பாக்கக்கூடாதுலா தம்பி. கோலா கிளாவாங்லேருந்து அத்தை வரட்டும்.”

தோட்டத்து வழக்கம் அப்படித்தான். புனிதன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

உள்ளேயிருந்து லோஷினி கூப்பிட்டாள். “அப்பா, வந்துருச்சி. வயிறு வலிக்குது. ஒத்தடம் வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. ஒங்களுக்கும் சொன்னாங்கதானே?”

“சொன்னாங்கம்மா” என்று ராக்கம்மாவைத் தாண்டி உள்ளே போனான். முதலில் மகள் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தான்.